கல் குடிக்கிறதா?

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் உங்களுக்கு வாழ்த்துச் சொல்லி நாலு வரி எழுதித் தரும்படி கேட்டார்கள். வாழ்த்து எனக்கு வராது. வேலையில் இருந்த காலத்திலேயே வராது என்பது என்னோடு இருந்தவர்களுக்குத் தெரியும். உங்கள் மேல் எனக்குக் கோபம்தான் இருக்கிறது. எதனால் என்று எழுதுகிறேன். படித்துவிட்டு நீங்களும் கோபப்பட்டுக்கொள்ளுங்கள்.

உங்களைப் போலவே நானும் ஜியாலஜிஸ்ட், எண்ணெய்க் கம்பெனியில் கல் பார்த்தவன். மேற்குக் கடலில் ரிக் மேடையின் மேல் நின்று, துளை போடும்போது சேற்றோடு மேலே வரும் கல் துணுக்குகளைக் கழுவி, இது இன்ன கல், இதில் எண்ணெய் நிற்கும், இதில் நிற்காது என்று சொல்வது என் வேலை. நான் பார்த்ததெல்லாம் பெரும்பாலும் சுண்ணாம்புக்கல்லும், அது மாறி உண்டான டாலமைட்டும்தான். பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். நீர்த்த ஆசிட்டில் ஒரு சொட்டு விட்டால் வேறுபாடு தெரிந்துவிடும். சுண்ணாம்புக்கல் சடசடவென்று நுரைக்கும். டாலமைட் சும்மா கிடக்கும். கத்தியால் சுரண்டிப் பொடியாக்கி விட்டால்தான் மெல்ல நுரை கட்டும்.

எங்கள் ரிக்கில் சேறு கலக்கும் பிரிவில் வேடசந்தூர்க்காரர் ஒருவர் இருந்தார். நான் திண்டுக்கல் டவுன். அத்தனை இந்திக்கும் மராத்திக்கும் நடுவில் நாங்கள் இரண்டு பேர்தான் தமிழ். நான் சொட்டு விடும்போதெல்லாம் அவர் எட்டிப் பார்த்து, தைப்பொங்கல் அன்றைக்குப் பக்கத்து வீட்டில் விசாரிப்பதுபோல, "பாய், பால் பொங்குச்சா?" என்று கேட்பார். பொங்கவில்லை என்றால், "அப்ப அடுப்பை நல்லா எரிங்க" என்பார். கொஞ்ச நாளில் அதுவே எங்கள் சோதனைக்குப் பெயராகிவிட்டது. பொங்குகிற கல், பொங்காத கல்.

அடுத்த சோதனை தண்ணீர். நன்றாகக் காயவைத்த துணுக்கின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட வேண்டும். கல் உறிஞ்சிக்கொண்டால் உள்ளே இடமிருக்கிறது. சொட்டு உருண்டு மேலேயே நின்றால் இடமில்லை. அவசரத்துக்கு நாக்கை வைத்தும் பார்ப்போம். உள்ளே இடமுள்ள கல் நாக்கைப் பிடித்து இழுக்கும். வேடசந்தூர்க்காரர் இதற்கும் ஒரு கேள்வி வைத்திருந்தார். "கல்லு குடிக்குதா பாய்? குடிகாரக் கல்லா இருந்தாத்தான் நமக்குச் சோறு."

இந்த இரண்டு கேள்விகளில் முதல் கேள்வி கல்லின் பெயரை மட்டும் சொல்லும். எண்ணெய் நிற்குமா என்பதை இரண்டாவதுதான் சொல்லும். நீங்கள் முதல் கேள்வியைக் கேட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்துவிடுகிறீர்கள். என் கோபம் அங்கேதான் தொடங்குகிறது.

டாலமைட் என்றால் எண்ணெய் என்று உங்கள் தலையில் எப்படி ஏறியது என்று எனக்குத் தெரியும். பாடத்தில் அப்படித்தான் தொடங்கும். கடலடியில் சிப்பியும் பவளமும் செத்து விழுந்து சுண்ணாம்புக்கல் ஆகிறது. மக்னீசியம் நிறைந்த உப்புநீர் அதற்குள் நெடுங்காலம் ஊறிப் போகிறது. போகிற வழியில் கல்லிலிருக்கும் கால்சியத்தில் பாதியை வெளியேற்றிவிட்டு மக்னீசியத்தை வைக்கிறது. அப்படி உண்டாகும் டாலமைட் படிகத்துக்குப் பழைய கல்லைவிடக் கொஞ்சம் குறைந்த இடம் போதும். மிச்ச இடம் ஓட்டையாக நின்றுவிடும். படிகங்களும் கெட்டியானவை. மேலே பாரம் ஏற ஏறச் சுண்ணாம்புக்கல் கரைந்து நசுங்கித் தன்னைத் தானே அடைத்துக்கொள்ளும். டாலமைட் அத்தனை எளிதில் விட்டுக்கொடுக்காது. ஆழத்தில் மற்றக் கல்லெல்லாம் இறுகிப்போன பிறகும் அதில் இடம் இருக்கும். வேறெங்கோ பிறந்த எண்ணெய் அந்த இடத்துக்கு வந்து தங்குகிறது.

இதெல்லாம் உண்மை. நான் சம்பளம் வாங்கியதே இந்த உண்மையால்தான். ஆனால் அடுத்த பக்கத்தையும் படித்திருக்க வேண்டும். அதே உப்புநீர் நிற்காமல் வந்துகொண்டே இருந்தால், தான் உண்டாக்கிய ஓட்டையைத் தானே டாலமைட்டால் நிரப்பிவிடும். அப்படி நிரம்பாமல் தப்பினாலும், எண்ணெய் பிறக்க அருகில் வேறொரு கல் வேண்டும். அது வந்து சேர வழி வேண்டும். மேலே ஒரு மூடி வேண்டும். டாலமைட் என்பது அதிகம் போனால் ஒரு காலி அறை. பல நேரங்களில் அறைகூட இல்லை, வெறும் சுவர்.

இதை மறந்தவன் ஒருவனால் குஜிலியம்பாறைப் பக்கம் ஒரு போர்வெல் கெட்டுப்போகப் பார்த்தது.

நான் ஓய்வு பெற்றுத் திண்டுக்கல்லுக்கே திரும்பிச் சில கோடைகள் கழிந்திருந்தன. அவன் எனக்குப் போன் செய்தான். என்னிடம் பயிற்சிக்கு வந்தவன். பெயர் சொல்ல மாட்டேன், உங்களில் சிலருக்கு அவன் இப்போது சீனியர். அப்போது ஒரு தனியார் கம்பெனியில் ஜியாலஜிஸ்டாக இருந்தான். நிலங்களை நீண்ட குத்தகைக்கு எடுத்துக் கைமாற்றி விடுகிற கம்பெனி அது. அதற்கு எதற்கு ஜியாலஜிஸ்ட் என்று அவன் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

"சார், உங்க ஊர்ப் பக்கம்தான் இருக்கேன். குஜிலியம்பாறை தாண்டி. இங்க ஒரு போர்வெல்ல எண்ணெய் மிதக்குது சார்."

"என்ன எண்ணெய்?"

"குரூட்னு நினைக்கிறோம் சார்."

"யாரு நினைக்கிறது? நீயா, உன் மேனேஜரா?"

அந்தக் கேள்வியைத் தாண்டி, "கல்லு டாலமைட் சார். நானே ஆசிட் விட்டுப் பாத்துட்டேன். பொங்கலை" என்றான். எங்கள் ரிக் வார்த்தையை மட்டும் ஞாபகம் வைத்திருந்தான்.

"குடிச்சுச்சா?" என்று கேட்டேன்.

"சார்?" என்றான்.

விஷயம் இதுதான். அந்தப் போர்வெல்லுக்குள் ஆசிட் இறக்கிக் கல்லின் ஓட்டைகளைத் திறக்கப் போகிறார்கள். எண்ணெய்க் கிணறுகளில் நாங்கள் செய்ததுதான். ஆனால் எண்ணெய் தேட உரிமம் வேண்டும், அது அவர்களிடம் இல்லை. அதனால் தண்ணீர் ஊற்றைக் கூட்டுகிற வேலை என்று வெளியில் சொல்லிக்கொண்டார்கள். ஊருக்குள் மட்டும் எண்ணெய் என்று பேச்சு; அந்தப் பேச்சு பரவினால் குத்தகை நிலம் கூடுதல் விலைக்குக் கைமாறும். ஆசிட் வண்டி வந்துவிட்டது. நிலத்துக்காரம்மா மட்டும், "எண்ணெய் வேலை தெரிஞ்ச ஆளு, நம்ம பக்கத்து ஆளு, எவராவது வந்து எங்கிட்ட நேருல சொல்லட்டும். அப்புறம் ஊத்துங்க" என்று மறித்து நின்றிருக்கிறார். அதற்குத்தான் நான்.

"நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும் சார்" என்றான்.

எந்த வார்த்தை என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் பஸ் ஏறிப் போனேன்.

அந்தப் பக்கம் உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ. வானம் பார்த்த பூமி. முருங்கை, சோளம், கொஞ்சம் கடலை. அங்கங்கே சிமெண்டுக்காக வெட்டிய வெள்ளைக் கல் குழிகள். சிமெண்டுக்காரர்களுக்கு மக்னீசியம் கூடிய கல் ஆகாது, ஒதுக்கிக் குவித்துவிடுவார்கள். அப்படிக் கிடந்த குவியலைப் பஸ்ஸிலிருந்தே பார்த்தேன். கல் டாலமைட்தான் என்று பையன் சொன்னது பொய்யாக இருக்காது என்று தோன்றியது.

முருங்கைக் கொல்லை ஓரத்தில் டேங்கர் வண்டி நின்றது. அதன் நிழலில் பாதி ஊர் உட்கார்ந்திருந்தது. நிலத்துக்காரம்மாவின் பெயர் வெள்ளையம்மாள். ஐம்பது வயது இருக்கும். புருசன் வேடசந்தூர் மில்லில் வேலை, அன்றைக்குப் பகல் ஷிப்ட். கொழுந்தன் காளிமுத்துதான் கம்பெனியைக் கூட்டிக்கொண்டு வந்தவர்.

"வாங்க பாய். நீங்கதான் எண்ணெய் ஆபீசரா?" என்றார் வெள்ளையம்மாள்.

"ஆபீசர் இல்லம்மா. கல்லு பாக்குற ஆளு."

"எதுவோ ஒண்ணு. எனக்கு நீட்டி முழக்கிச் சொல்ல வேண்டாம். இந்தக் குழாய்க்குள்ள ஆசிட்டு ஊத்தலாமா, கூடாதா? இந்தச் சுத்துல உப்பில்லாத தண்ணி இது ஒண்ணுதான். எம் முருங்கையும் இதத்தான் குடிக்குது, எங்க தெருவும் இதத்தான் குடிக்குது. நீங்க ஊத்துன்னா ஊத்தட்டும். கூடாதுன்னா வண்டிய எடுக்கட்டும்."

"மதினி, வந்தவர ஒரு வாய் தண்ணி குடிக்க விடுங்க. அதுக்குள்ள மெரட்டுறீங்க" என்றார் காளிமுத்து.

"எந்தத் தண்ணியக் குடிக்க விடச் சொல்ற? எண்ணெய் மெதக்குற தண்ணியவா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எந்த மேலதிகாரியும் எனக்கு இத்தனை தெளிவாக வேலை சொன்னதில்லை.

மேனேஜர் ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர். பணிவு குறையவே குறையாது. "ஏனுங்க சார், வெயிலு ஏறுதுங்க. வண்டிய ரொம்ப நேரம் நிறுத்த முடியாதுங்க. நீங்க பாத்து நல்லபடியா ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா ஆரம்பிச்சுருவோமுங்க."

முதலில் தண்ணீரைப் பார்த்தேன். போர்வெல்லிலிருந்து எடுத்து ஒரு வாளியில் வைத்திருந்தார்கள். மேலே வானவில் நிறத்தில் ஏடு படர்ந்திருந்தது. இரும்புச் சத்துள்ள தண்ணீரிலும் இப்படி ஏடு படரும். பார்க்க எண்ணெய் போலவே இருக்கும். ஒரு குச்சியால் கலைத்தால் இரும்பு ஏடு கண்ணாடி போல உடைந்து துண்டு துண்டாக நிற்கும், திரும்பச் சேராது. எண்ணெய் என்றால் குச்சியைச் சுற்றி வழிந்து மறுபடி ஒன்றாகிவிடும். இரும்பாகத்தான் இருக்கும், நாலு வார்த்தை பேசிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன்.

ஒரு முருங்கைக் குச்சியை ஒடித்து வாளியில் விட்டுக் கலைத்தேன். ஏடு பிரிந்தது. குச்சியை எடுத்தேன். வழிந்து வந்து ஒட்டிக்கொண்டது. மறுபடி கலைத்தேன். மறுபடி ஒட்டியது.

சுற்றி அத்தனை பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணால் பார்த்ததை மறைக்க எனக்குத் தெரியாது.

"எண்ணெய்தான்" என்றேன்.

ஒருவன் விசில் அடித்தான். "ஏலே, நம்ம ஊரு துபாய் ஆயிருச்சுலே!" என்று இன்னொருவன் கத்தினான். "பாய் வந்த நேரம்லே!" என்று ஒரு குரல். காளிமுத்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வெள்ளையம்மாள் மட்டும் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு கல்லைக் கேட்டேன். துளை போட்டபோது வந்த துணுக்குகள் குழாயோரம் குவிந்து கிடந்தன. பையன் ஆசிட் பாட்டிலை எடுத்து ஒரு சொட்டு விட்டான். பொங்கவில்லை. கத்தியால் சுரண்டிப் பொடியில் விடச் சொன்னேன். மெல்ல நுரை கட்டியது.

"டாலமைட்தான்" என்றேன். அதற்கும் ஒரு ஆரவாரம். அந்த வார்த்தைக்கு அர்த்தம் அங்கே யாருக்கும் தெரியாது. ஆனால் மேனேஜர் பல நாளாக அதைச் சொல்லிச் சொல்லி, குலதெய்வத்தின் பெயர் போல ஆக்கி வைத்திருந்தார்.

வெயிலில் காய்ந்த பெரிய துணுக்கு ஒன்றை எடுத்து உடைத்தேன். உடைந்த முகம் சர்க்கரைக் கட்டி போல மின்னியது. அதன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். சொட்டு உருண்டையாக நின்றது. கல்லைச் சாய்த்தேன். உருண்டு ஓடிக் கீழே விழுந்தது. இன்னொரு துண்டை எடுத்து நாக்கில் வைத்தேன். வழுக்கியது.

"என்ன பாய், கல்லை நக்குறீங்க?" என்றார் வெள்ளையம்மாள்.

"உப்பு ஒறைப்பு சரியா இருக்கான்னு பாக்குறாரு" என்று கூட்டத்தில் ஒருவன் சொன்னான். மறுபடி சிரிப்பு.

"இந்தக் கல்லு குடிக்கலை" என்று நான் சொன்னேன். "உள்ள இடம் இல்ல. எண்ணெய் இருக்கணும்னா அது தங்க இடம் வேணும். இதுல ஒரு சொட்டுத் தண்ணிக்கே இடம் இல்ல."

திண்டுக்கல் சமவெளியின் கல்லைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். படித்ததை இங்கே பொருத்திப் பாருங்கள். ஒரு காலத்தில் மிக ஆழத்தில் கிடந்து, வெந்து, நசுங்கிப் பளிங்காகிப்போன கல் இது. முன்பு அதில் ஓட்டை இருந்திருந்தாலும் வெந்தபோதே மூடிப்போனது. எண்ணெய் இருந்திருந்தால் அப்போதே கரியாகியிருக்கும். இந்த ஊரில் தண்ணீர் கிடைப்பது கல்லுக்குள்ளிருந்து அல்ல, கல்லில் விழுந்த விரிசல்களிலிருந்து.

மேனேஜர் பணிவாகவே சொன்னார். "கல்லுல ஓட்டை இல்லைன்னுதானுங்க ஆசிட் ஊத்துறோம். ஊத்துனா ஓட்டை விழுமுங்க. பையன் ரிப்போர்ட்டே குடுத்திருக்கான்."

கேட்பவர்களுக்கு அது சரியாகத்தான் பட்டது. பாதி தெரிந்தவன் பேச்சு முழுதும் தெரிந்தவன் பேச்சைவிடத் தெளிவாக இருக்கும். அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

"ஆசிட் இருக்குற வழியத்தான் அகலமாக்கும்" என்றேன். "இந்தக் கல்லுல இருக்குற வழி ஒண்ணே ஒண்ணு. இந்தம்மாவுக்குத் தண்ணி வர்ற விரிசல். நீங்க ஊத்துறது அது வழியாத்தான் போகும். அடுத்த கொல்லைக்கும் போகும்."

"சரிங்க. அப்ப எண்ணெய் எங்கிருந்துங்க வருது? நீங்களே எண்ணெய்தான்னு சொன்னீங்களே."

இந்த இடம்தான். இதற்காகத்தான் இத்தனையும் எழுதினேன். எனக்குப் பதில் தெரியாது. கல்லில் எண்ணெய் இருக்க முடியாது, ஆனால் வாளியில் எண்ணெய் இருக்கிறது. ரிக்கிலும் இப்படி நேரம் வரும். பின்னால் பத்துப் பேர் நிற்பார்கள், ஆளுக்கொரு வேலை உங்கள் ஒரு வார்த்தைக்காகக் காத்திருக்கும். அப்போது வாய் தானாக எதையாவது சொல்லப் பார்க்கும்.

"தெரியாது" என்றேன்.

கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. இந்த முறை என்னைப் பார்த்து. "தெரியாதுன்னு சொல்லவா பஸ் ஏறி வந்தீரு?" என்றான் ஒருவன். காளிமுத்துவுக்கு முகம் சிவந்துவிட்டது. "இவரு யாருன்னு எனக்குத் தெரியும் மதினி. திண்டுக்கல்லுல தோல் ஷாப்பு வச்சிருந்த குடும்பம். இவுக கெடுக்காத தண்ணியவா நாம கெடுத்துறப் போறோம்? நமக்கு ஒண்ணு வருதுன்னதும் புத்தி சொல்ல வந்துட்டாரு!"

சிரிப்பு நின்றது. சொல்லியிருக்கக் கூடாது என்று அவருக்கே தோன்றியிருக்கும்.

அவர் சொன்னது நிஜம். என் அத்தாவுக்குத் தோல் ஷாப்பில் பங்கு இருந்தது. சுண்ணாம்புத் தொட்டியில் தோலை ஊறப்போட்டு, மயிர் நீக்கி, உப்பும் சாயமுமாகக் கழுவிய தண்ணீர் அத்தனையும் வெளியே நிலத்தில்தான் ஓடியது. நான் படித்தது அந்தக் காசில். எங்கள் பக்கத்துக் கிணறுகள் ஒவ்வொன்றாகக் கசந்தன. தோல் ஷாப்பு மூடிப் பல காலம் ஆகிவிட்டது. எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை இன்றைக்கும் வாயில் வைக்க முடியாது. குளிக்கக்கூட ஆகாது. கிணற்றை மூடிவிட்டோம்.

"ஆமாய்யா" என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது. "எங்க ஆளுக கெடுத்த தண்ணிதான். கெட்ட தண்ணி என்ன ஆகும்னு இங்க நிக்கிற எவனவிடவும் எனக்குத் தெரியும். அது திரும்பி வராது. எங்க அத்தா போயிட்டாரு, ஷாப்பு போயிருச்சு, கெணறு மட்டும் இன்னும் கசக்குது. எண்ணெய் எங்கிருந்து வருதுன்னு எனக்குத் தெரியாது. தெரியிற வரைக்கும் ஒரு சொட்டு ஊத்தக் கூடாது. மோட்டாரத் தூக்குங்க. உள்ள என்ன இருக்குன்னு பாக்கலாம்."

மேனேஜர் பையன் பக்கம் திரும்பினார். "ஏப்பா, நீ சொல்லு. கம்பெனி ஜியாலஜிஸ்ட் நீதானே. ரிப்போர்ட்டு சரிதானே?"

அப்போது பையனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது என்று எனக்குப் பின்னால்தான் தெரியும். தன் பைக்குள்ளிருந்து ஒரு துணுக்கை எடுத்தான். ரிப்போர்ட்டுக்காக அவனே எடுத்து வைத்திருந்த கல். அதன் மேல் தண்ணீர்ப் பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு விட்டான். குனிந்து பார்த்துக்கொண்டே நின்றான். சொட்டு அப்படியே நின்றது. வெயிலில் அது காயத் தொடங்கும்வரை பார்த்தான்.

"குடிக்கலை சார்" என்றான். அந்த சார் நானா மேனேஜரா என்று தெரியவில்லை. "ரிப்போர்ட்ல ஓட்டை நிறைய இருக்குன்னு எழுதினது கல்லைப் பாத்து எழுதலை. டாலமைட்னு தெரிஞ்சதும் எழுதிட்டேன்."

வெள்ளையம்மாள் டிரைவர் பக்கம் திரும்பி, "வண்டிய எடு அப்பு" என்றார்.

"மதினி..." என்றார் காளிமுத்து.

"எடுக்கச் சொன்னேன்ல. நீ போயி மோட்டார் தூக்குற ஆளக் கூட்டிட்டு வா."

வண்டி போனது. கூட்டத்தில் பாதி அதன் பின்னாலேயே போய்விட்டது. மத்தியானம் ஆட்கள் வந்து முக்காலி நட்டுச் செயின் போட்டுக் குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மோட்டாரை மேலே எடுத்தார்கள். மோட்டார் முழுக்கப் பிசுபிசுப்பு. தண்டு வெளியே வரும் இடத்தில் ரப்பர் சீல் கிழிந்து தொங்கியது. தலைகீழாகப் பிடித்தபோது மிச்சமிருந்த எண்ணெய் ஒழுகியது. போர்வெல்லுக்குள் இறக்கும் மோட்டாரில் உள்ளே தண்ணீர் நிரப்பியதும் உண்டு, எண்ணெய் நிரப்பியதும் உண்டு; இது எண்ணெய் ஊற்றி அடைத்த மோட்டார். போன கோடையில் பழையது எரிந்துபோனபோது காளிமுத்து வாங்கி வந்து போட்டது.

"தண்ணி மோட்டாருன்னு சொல்லித்தான் குடுத்தான்" என்றார் காளிமுத்து. தரையைப் பார்த்துச் சொன்னார். அவருக்கு முன்பே தெரியுமா, சந்தேகமாவது இருந்ததா என்று நான் கேட்கவில்லை. அங்கே நின்ற எல்லோருமே போர் மோட்டார் வைத்திருப்பவர்கள். எண்ணெய் மோட்டார் என்று ஒன்று இருப்பது அத்தனை பேருக்கும் தெரியும். தெரிந்ததை நினைக்க யாருக்கும் மனம் வரவில்லை.

"நல்லாருக்குலே" என்றார் வெள்ளையம்மாள். "நீயே உள்ள ஊத்தி, நீயே வெளிய எடுத்திருக்க."

காளிமுத்து எழுந்து போய்விட்டார். நான் கிளம்பலாம் என்று பையை எடுத்தேன். வெள்ளையம்மாள் கழற்றிப் போட்ட குழாயின் மேல் உட்கார்ந்திருந்தார்.

"நீங்க சொன்னது சரிதான் பாய்" என்றார். "ஆனா குச்சிய விட்டுப் பாத்துட்டு எண்ணெய்தான்னு சொன்னீங்க பாருங்க. செத்த நேரம் நானும் நம்பிட்டேன். அவரு இனிமே மில்லு பஸ்ஸுக்கு ஓட வேண்டாம்னு நெனச்சேன். அம்புட்டுதான்."

வரப்பில் நடந்து பஸ்ஸுக்கு வந்தேன்.

அந்தச் செத்த நேரத்துக்கு யார் பொறுப்பு? மேனேஜர் தன் பிழைப்பைப் பார்த்தார். காளிமுத்து ஆசைப்பட்டார். நாம் என்ன செய்தோம்? நம் தொழில் படித்த ஒருவன் கல்லின் பெயரைக் கண்டுபிடித்துவிட்டு, அந்தப் பெயருக்குப் பாடத்தில் என்னென்ன குணம் போட்டிருக்கிறதோ அத்தனையையும் இந்தக் கல்லுக்கு எழுதிக் கொடுத்தான். ஒரு சொட்டுத் தண்ணீர் செலவழிக்கவில்லை. நீங்கள் அனுப்பும் ரிப்போர்ட்டுகளை எனக்கும் சிலர் காட்டுகிறார்கள். அதே வரி இப்போதும் வருகிறது. டாலமைட், ஆகவே ஓட்டை நிறைந்தது. அந்த "ஆகவே" என்ற சொல்லைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரிகிறது. கல்லைத் தொட்டவன் எவனும் அதை எழுத மாட்டான்.

பையனைக் கம்பெனி அந்த வாரமே அனுப்பிவிட்டது. வீட்டுக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்தான். நான் திட்டினேன். திட்டி முடித்த பிறகு, கூட்டத்துக்கு நடுவில் தன் கல்லில் தானே சொட்டு விட்டுப் பார்த்தானே, அதைச் செய்ய என் சர்வீஸில் பல பெரியவர்களுக்குத் துணிச்சல் வந்ததில்லை என்றும் சொன்னேன். இரண்டையும் கேட்டுக்கொண்டான். பிறகு வேறு இடத்தில் வேலை கிடைத்தது. அவனிடம் பயிற்சிக்குப் போகிறவர்களைக் கல்லை நக்கச் சொல்கிறான் என்று கேள்விப்பட்டேன். உங்களில் சிலர் அதைப் பற்றிக் கேலி பேசுவதாகவும் கேள்விப்பட்டேன். பேசுங்கள்.

போர்வெல்லுக்கு வேறு மோட்டார் போட்டார்கள். ஆனால் குழாயின் உள்சுவரில் ஒட்டிய எண்ணெய் போக நாளானது. நான் சொன்னபடி வெள்ளையம்மாள் தினமும் தண்ணீரை ஓடவிட்டுத் தரிசில் வடித்தார். அந்தக் கோடையில், முருங்கை வாடிக்கொண்டிருக்கும்போது, நல்ல தண்ணீரைத் தரிசில் வடிப்பது எத்தனை கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். தெருவே உப்புத் தண்ணீருக்குப் போனது. திட்டு முழுவதும் அவருக்குத்தான் விழுந்தது. காலையில் ஒரு வாளி பிடித்து, குச்சி விட்டுக் கலைத்துப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்வார். "சேருது பாய்." அவ்வளவுதான் பேச்சு. நானும் "ஓடவிடுங்க" என்பேன். சில நாள் அதைக் கேட்டதும் போனை வைத்துவிடுவார்.

ஏடு மறைந்த பிறகும் நான் விடவில்லை. தண்ணீரைச் சோதனைக்குக் கொடுக்கச் சொன்னேன். சரியாக இருப்பதாக வந்ததும் அவருக்குச் சொல்லலாம் என்று போன் செய்தேன். முடிவு ஏற்கெனவே அவர் கைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

"குச்சி விட்டுப் பாத்தீங்களாம்மா?" என்று கேட்டேன்.

"பாத்தேன் பாய். பிரியவும் இல்ல, சேரவும் இல்ல. தண்ணி தண்ணியாத்தான் இருக்கு."

"அப்ப இனிமே குடிக்கலாம்."

"குடிச்சுட்டுத்தான் பேசுறேன்" என்றார் வெள்ளையம்மாள்.